முழங்காலுக்கு மேல் வளராத செடி

ஆகஸ்ட் 28

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நாற்றுக் கடையில் என் மானம் போனது. வேறு யாராவது கண்ணும் காதும் மூக்கும் வைத்து உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கடைக்காரப் பெண் "என்ன செடி வேணும் சார்?" என்றாள். என் கடையில் கண்ணாடி வெட்ட அளவு சொல்லும் பழக்கத்தில் நானும் தெளிவாகச் சொன்னேன். "குட்டையா இருக்கணும்மா. குண்டா, உருண்டையா இருக்கணும். நாள் பூரா வெயில்ல நிக்கணும். காலடியில ஈரம் இருந்தாலும் அழுகக் கூடாது. வருஷா வருஷம் புதுசா வைக்க என்னால ஆகாது, ஒரு தடவை வச்சா அதுபாட்டுக்குக் கிடக்கணும்." அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "அது நீங்கதான் சார்" என்றாள்.

பின்னால் நின்றிருந்த எதிர்வீட்டுத் தையல்காரர் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த தொட்டி கீழே விழுந்து உடைந்தது. நான் எதையும் வாங்காமல் வந்துவிட்டேன். நான் தெருமுனை திரும்புவதற்குள் கதை எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. உங்கம்மா கட்டிலில் படுத்துக்கொண்டே, "என்னங்க, தண்ணி ஊத்தட்டுமா?" என்றாள்.

ஆகவே உன்னையே கேட்கிறேன். அவ்வளவு பெரிய நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறாய். அப்பனுக்கு ஒரு செடி சொல்லக் கூடாதா?

உங்கம்மா இடுப்பு எலும்பு உடைந்து வந்ததிலிருந்து பின் அறையில்தான் கிடக்கிறாள். சன்னலைத் திறந்தால் எதிரே அந்தச் சுவர். மேல்தெருவின் மண்ணையெல்லாம் தாங்கிக்கொண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, அதுதான். "ஜெயில்ல இருக்கிறவனுக்குக்கூட இதைவிட நல்ல சுவரா கொடுப்பாங்க, பாக்கிறதுக்கு ஏதாவது வைங்க" என்கிறாள். சன்னலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கட்டில் நீளத்துக்கு மண் இருக்கிறது. காலையில் ஒரு பக்கத்திலிருந்து வெயில் வரும், சாயங்காலம் மறு பக்கத்திலிருந்து வரும். மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். செடி முழங்காலுக்கு மேல் வளரக் கூடாது. இதை மட்டும் மறந்துவிடாதே.

பதிலை என் கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுது. போனில் வேண்டாம். உங்கம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே ஒலிபரப்புகிறாள். செடி வைப்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
(தெருவில் இன்னும் 'சைரன்'தான். போன வருஷம் கேஸ் கசிகிறது என்று நான் கத்தி, தெருவையே வெளியே நிறுத்தி, தீயணைப்பு வண்டியை வரவழைத்து, கடைசியில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் ஒரு பை அழுகிய உருளைக்கிழங்கைக் கண்டுபிடித்ததை ஒருவரும் மறக்கவில்லை.)


செப்டம்பர் 5

அப்பா,

கடைக்காரப் பெண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவளை இங்கே வேலைக்கு அனுப்புங்கள்.

உங்கள் இடத்துக்கு மேசை ரோஜா வேண்டாம். வெயில் அதற்குப் பிடிக்கும், ஆனால் ஈரத்தில் ஒரே வாரத்தில் அழுகிவிடும். நித்தியகல்யாணியும் அப்படித்தான். சுவரை ஒட்டி மஞ்சள் கரிசலாங்கண்ணி வையுங்கள். கூடையைக் கவிழ்த்த மாதிரி குவியும், வருஷம் முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் பூ இருக்கும். நெருக்கி வைக்காதீர்கள், ஒன்றுக்கொன்று ஒரு முழம் விடுங்கள், அதுவாகச் சேர்ந்துகொள்ளும். சன்னல் பக்கம் பொடுதலையும் வல்லாரையும் போதும், தரையோடு கிடக்கும். பாத்திக்கு வெளியே போக விடாதீர்கள், பிறகு பிடிக்க முடியாது. நாற்றுகளை எங்கள் லாரியில் அனுப்புகிறேன். ஓட்டுநர் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்.

இனி நான் கேட்க வேண்டியது. இங்கே தினமும் ஆட்கள் வந்து இடத்தைச் சொல்லிச் செடி கேட்கிறார்கள். நாள் முழுக்க வெயில் என்பவர் மண் காய்கிறது என்பார். எப்போதும் ஈரம் என்பவர் வெயிலே இல்லை என்பார். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் நாங்கள் உடனே கேட்பது, "தண்ணி எங்கிருந்து வருது?" என்றுதான். நீங்கள் ஊற்றுவதில்லை. அம்மாவால் எழுந்திருக்க முடியாது. அப்படியானால் எங்கிருந்து வருகிறது?

இன்னொன்று. பின்னால் அசிங்கமான சுவர் இருக்கிறவர்கள் எல்லோரும் அதை மறைக்க உயரமான செடிதான் கேட்பார்கள். நீங்கள் முழங்காலுக்கு மேல் கூடாது என்கிறீர்கள். சுவரில் எதைப் பார்க்க வேண்டியிருக்கிறது?

போன வாரம் அம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பா இப்பல்லாம் கண்ணாடி முன்னாடி ஷேவ் பண்றதில்ல. பின்னாடி சன்னல்ல நின்னு சுவரைப் பாத்துக்கிட்டே பண்றாரு. நாலு இடத்துல வெட்டிக்கிட்டாரு." அப்போது நானும் சிரித்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு சிரிக்க முடியவில்லை.

பதில் எழுதுங்கள். ஜோக் வேண்டாம்.


செப்டம்பர் 13

அன்புள்ள மகளுக்கு,

நாற்று வந்து சேர்ந்தது. ஜோக் வேண்டாம் என்று நீ எழுதியதால் இந்தக் கடிதம் பாதி நீளம்தான் இருக்கும்.

நடும்போது தோண்டவே வேண்டியிருக்கவில்லை, விரலை வைத்தால் உள்ளே போகிறது. உங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அந்த மூணாவது செடியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க" என்று சன்னல் வழியாக அதிகாரம் பண்ணினாள். தள்ளினேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சுவரில் ஒரு கோடு இருக்கிறது. விரிசல் என்று சொல்லவில்லை, கோடு. சுவரின் நடுவில் ஆரம்பித்துச் சாய்வாகக் கீழே இறங்குகிறது. கோடை முழுக்க அது அங்கேதான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாக் கோடும் வளர்கிற மாதிரிதான் தெரியும். அதனால் கடையில் மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளை விரல் அகலத்துக்கு வெட்டி, கோட்டுக்குக் குறுக்கே பாலம் மாதிரி சிமெண்டு வைத்து ஒட்டினேன். கண்ணாடி வளையாது, இழுபடாது. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். உடையவில்லை என்றால் எல்லாம் என் பயம். செடி உயரமாக வளர்ந்தால் கீழே இருக்கிற கண்ணாடி மறைந்துவிடும். முழங்கால் கணக்கு அதற்குத்தான். உங்கம்மாவிடம் காக்காய் விரட்ட ஒட்டியிருக்கிறேன் என்று சொன்னேன்.

ஒன்று உடைந்தது. பூனை தட்டியிருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால், மண்ணே அப்படித்தான் என்று நினைக்கிறேன். சுவரிலிருந்து வர வழியில்லை, அதை நான் போன கோடையிலேயே சரிபண்ணிவிட்டேன். கொத்தனார் சுவரின் அடியில் வரிசையாக ஓட்டைகளை அடைக்காமலே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து எந்நேரமும் ஒழுகிப் பாசி பிடித்து, உங்கம்மா பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்றாள். மீன் தொட்டி ஒட்டியே கை பழகியவனுக்கு ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அதே சிலிக்கான் பசையை ஒவ்வொரு ஓட்டையிலும் கை நீளத்துக்கு அடைத்தேன். அன்றிலிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை. வேலை என்றால் அதுதான் வேலை.

தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. உருளைக்கிழங்கு ஒன்றே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அப்பா


செப்டம்பர் 19

அப்பா,

நேற்று போனில் நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் போனிடம் ஓடினேன். ஸ்பீக்கர் இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் போன் செய்தேன். "அம்மா, முன் ரூமுக்குப் போ, இப்பவே போ" என்றேன். அம்மா, "சைரனுக்குப் பொறந்தது வேற எப்படி இருக்கும்" என்று சிரித்தாள். பின்னாலிருந்து நீங்களும் சிரித்தீர்கள். "கட்டில் அந்த வாசல்ல நுழையாதும்மா, நுழைஞ்சா மாத்த மாட்டேனா?" என்றீர்கள். உங்கள் சிரிப்பு எனக்குத் தெரியும். அது உங்கள் சிரிப்பு இல்லை.

போனில் சொல்ல விடாததை எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள். அந்த ஓட்டைகளைக் கொத்தனார் மறந்துவிட்டுப் போகவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறார். மண்ணைத் தாங்குகிற எல்லாச் சுவரிலும் அப்படி விடுவார்கள். சுவருக்குப் பின்னால் சேருகிற தண்ணீர் வெளியே போக அதுதான் வழி. நாங்கள் இங்கே சரிவில் பாத்தி கட்டும்போது முதலில் பார்ப்பதே அதைத்தான். வழியை அடைத்தால் தண்ணீர் போகாமல் நின்றுவிடாது. பின்னால் ஏறிக்கொண்டே இருக்கும், மண்ணை நனைத்துக் கனமாக்கும், சுவரைத் தள்ளும். ஓட்டை வழியாகப் போக முடியாதது சுவரின் அடியில் புகுந்து வரும். உங்கள் பாத்தி வெயிலிலும் காயாமல் இருப்பது அதனால்தான்.

நீங்கள் கட்டியதும் மீன் தொட்டிதான் அப்பா. அதன் ஒரு பக்கச் சுவருக்கு எதிரே அம்மா படுத்திருக்கிறாள்.

ஓட்டைகளை நீங்களே திறக்கப் போகாதீர்கள். பின்னால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ தெரியாது. நகராட்சிக்குப் போய்ப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கட்டில் நுழையாவிட்டால் தரையில் மெத்தை போடுங்கள். அம்மா திட்டட்டும்.

மழை ஆரம்பிப்பதற்குள் செய்யுங்கள். இங்கே நேற்றே மேகம் கட்டிவிட்டது.


அக்டோபர் 2, காலை

அன்புள்ள மகளுக்கு,

மழை வந்துவிட்டது. போன் செத்துவிட்டது. இந்தக் கடிதமும் எப்போது வந்து சேருமோ.

உன் பேச்சை நான் கேட்காமல் இல்லை. நகராட்சிக்குப் போனேன். வாசலில் இருந்தவர் நம் தெருப் பெயரைக் கேட்டதும், "ஓ, அந்த உருளைக்கிழங்கு வீடா?" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் வரி விவரம் கேட்க வந்தேன் என்று சொல்லி, அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். நல்ல நாளாகப் பார்த்து மறுபடி போகிறேன்.

தரையில் மெத்தை போடலாம் என்றால் உங்கம்மா, "தரையில படுத்தா என்னைத் தூக்க கிரேன் வரணும்" என்கிறாள். அதுவும் உண்மைதான், டாக்டரும் அதையேதான் சொன்னார். கட்டில் வாசலில் நுழையவில்லை.

உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மறுபடியும் உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. உங்கம்மா எழுவதற்குள் போய், உடைந்ததைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக ஒட்டிவிடுகிறேன். அவள் பயப்படக் கூடாது. நான் பயப்படுவது ஒரு ஆளுக்கு வேண்டிய அளவைவிட அதிகமாகவே இருக்கிறது. தூக்கத்தில்கூட என் காது அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மேல்தெருவில் வண்டி போனால் எழுந்து உட்காருகிறேன். வண்டி போகாவிட்டாலும் எழுந்து உட்காருகிறேன்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. உன் செடி அமோகம். நீ சொன்ன மாதிரியே கரிசலாங்கண்ணி சுவரோரமாக அழகாக மேடு கட்டிவிட்டது. வரிசையாக மஞ்சள் பூ. மழையில் குளித்து நிற்கும்போது பார்த்தால் கூடை கூடையாகக் கவிழ்த்து வைத்த மாதிரியே இருக்கிறது. உங்கம்மா, "நம்ம பொண்ணு கைராசி" என்றாள்.

அதே நாள், மாலை

மேலே எழுதியதை அப்படியே வைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை.

மத்தியானம் மழை விட்டதும் களை பிடுங்கப் போனேன். கரிசலாங்கண்ணியை ஒரு பக்கமாக ஒதுக்கினேன். செடி என் கணுக்கால் உயரம்கூட இல்லை. நட்டு இத்தனை நாளில் அதற்கு மேல் வளர முடியாது என்று எனக்கே இப்போதுதான் உறைத்தது. மேடு கட்டியிருப்பது செடி இல்லை. கீழே மண் எழும்பியிருக்கிறது. சுவரின் நீளத்துக்கு, தட்டில் ரொட்டி மாவு உப்புகிற மாதிரி. தொட்டுப் பார்த்தேன். மேலே பிளந்திருந்தது. பிளவுக்குள் தண்ணீர் நின்றது.

இலைகளை மறுபடியும் அதன்மேல் இழுத்து மூடிவிட்டேன். ஏன் மூடினேன் என்று கேட்காதே.

உங்கம்மா சன்னலில் இருந்தாள். "என்னங்க, பாம்பா?" என்றாள். "இல்ல, மண்புழு" என்றேன்.

பண்ணை லாரி நாளை காலை கடைப் பக்கம் வரும் என்றார்கள். அதில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மண் எழும்பினால் என்ன அர்த்தம்?

அப்பா


அக்டோபர் 4

அப்பா,

இதை ஓட்டுநர் நேராக வீட்டுக்கே கொண்டுவருவார். கடைக்கு இல்லை. எனக்காக அவர் லாரியைத் திருப்பிக்கொண்டு வருகிறார்.

சுவரின் கால் நழுவிக்கொண்டிருக்கிறது. மண் எழும்பினால் அதுதான் அர்த்தம். வேறு அர்த்தம் இல்லை. இனி பார்ப்பதற்கு எதுவும் இல்லை, ஒட்டுவதற்கும் எதுவும் இல்லை.

அம்மாவைத் தூக்குங்கள். தெருவுக்குக் கொண்டுபோங்கள். வாசலில் நின்று கத்துங்கள்.

சிரிக்கட்டும் அப்பா. நீங்கள் பயந்த மாதிரி ஒன்றுமே நடக்காமல் போய், தெரு முழுக்கச் சிரித்து, நான் பிறந்ததிலிருந்து பார்க்காத அளவுக்கு நீங்கள் அசடு வழிந்து நின்றால், அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, பஸ் ஓடவில்லை. ஓடும் முதல் பஸ்ஸில் வருகிறேன்.

கத்துங்கள்.


அக்டோபர் 9

அன்புள்ள மகளுக்கு,

போனில் "நல்லா இருக்கோம்" என்பதோடு முடித்துக்கொண்டேன். தையல்காரர் வீட்டுப் போனில் ஸ்பீக்கர் இன்னும் பெரிது. மீதியை எழுதுகிறேன். பாலம் திறப்பதற்குள் இது உன்னிடம் வந்துவிடும் என்று ஓட்டுநர் சொல்கிறார். அவர் எந்தப் பாதையில் வருகிறார் என்று நான் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று காலை அவர் லாரியை நிறுத்தக்கூட இல்லை. கடிதத்தை நீட்டி, "படிச்சிட்டு நின்னுக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு உங்க பொண்ணு சொல்லச் சொன்னாங்க" என்றார். படித்தேன். நின்றேன். பிறகு, கத்துவதற்கு முன்னால் கடைசியாக ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பின்னால் போனேன். உன் அப்பன் புத்தி உனக்குத் தெரியாததா?

மழை விட்டு நல்ல வெயில். பூவெல்லாம் விரிந்திருந்தது. கண்ணாடிகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை. நான் அடைத்த சிலிக்கான் ஒரு ஓட்டையிலிருந்து பற்பசை மாதிரி மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே குனிந்தேன். டப்பென்று தெறித்தது. செக்கச் செவேலென்று சேற்றுத் தண்ணீர், தீயணைப்புக் குழாய் மாதிரி, நேராக என் மூஞ்சியில்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஊரே சைரன் என்கிறது, வேண்டிய நேரத்தில் காற்றுதான் வந்தது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "என்ன சைரன், இன்னிக்கு வெங்காயமா?" என்றார். பிறகு என் முகத்திலிருந்து சேறு வழிவதைப் பார்த்தார். "சுவரு" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் கத்தினார். என் வேலையை அவர் செய்தார். அவர் தொண்டை என்னுடையதைவிட நல்ல தொண்டை.

உங்கம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேருமாகத் தூக்கினோம். பெரிய கண்ணாடி தூக்கும்போது முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, பின்னால் வருகிறவன்தான் வழி சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில், "மெதுவா, இடது, வாசப்படி, மூலை இடிக்காம" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "நான் என்ன கண்ணாடியா?" என்று கத்தினாள். "உடைஞ்சா மாத்தித் தருவியா?" என்று அவள் மேலும் சொல்லும்போது என் கால் பின்னிக்கொண்டது. அவள் என்னை ஒருமையில் பேசியதை அப்போது இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அவரது கடையில், தைத்து மாட்டிய சட்டைகளுக்கு நடுவில் அவளை இறக்கினோம். தெருவில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் சிரித்தார். நேரம் போனது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவரும் சிரித்தார். உண்மையைச் சொல்கிறேன், விழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தவன், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஒரு கணம் விழுந்தால் தேவலை என்று நினைத்தேன்.

விழுந்தது. பெரிய கண்ணாடி விழுந்தால் ஒரு சத்தம், அதோடு சரி. இது நிற்கவே இல்லை. லாரியில் மணல் கொட்டுகிற மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தது. நின்ற பிறகு முன் வாசல் வழியாகச் செந்தண்ணீர் அமைதியாக வெளியே வந்தது. யாரோ வீட்டைக் கழுவி விட்ட மாதிரி.

பின் அறை இல்லை. சன்னல் கட்டிலுக்கு மேலே கிடந்தது, மண் சன்னலுக்கு மேலே கிடந்தது. உங்கம்மா பிடித்து நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைக்கம்பியில் ஒரு கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது. சிரித்தவர்கள் இப்போது என் தோளைத் தட்டினார்கள். தையல்காரர் எல்லோரிடமும், "நம்ம சைரன் இல்லன்னா என்ன ஆயிருக்கும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேரை அவர் மரியாதையோடு சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முகத்துச் சேற்றைத் துடைக்கிற மாதிரி நான் திரும்பிக்கொண்டேன்.

பொறியாளர் மறுநாள் வந்தார். மேல்தெருவில் பூமிக்கு அடியில் பெரிய குழாய் ஒன்று மாதக்கணக்காக ஒழுகியிருக்கிறதாம். "அது சரி, இந்த ஓட்டையை எல்லாம் அடைச்சது யாரு?" என்றார். நான்தான் என்றேன். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். உடனே உங்கம்மா தையல்காரர் கடையிலிருந்தே, "மீன் தொட்டி ஒட்டுற ஆளு சார். விட்டா ஒழுகுதுன்னு என் மூக்கையும் அடைச்சிடுவாரு" என்றாள். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அவருடைய பூட்ஸில் ஒரு மஞ்சள் பூ ஒட்டியிருந்தது.

இப்போது தையல்காரர் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறோம். இங்கே சன்னலைத் திறந்தால் வேலி, அதற்கு அப்பால் சமதரை. நேற்று மத்தியானம் உங்கம்மா படுத்துக்கொண்டே, "அந்தக் கண்ணாடியை மாத்தினா கொஞ்சம் தூசி தடவி வச்சிருக்கக் கூடாதா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "மத்ததெல்லாம் மங்கலா இருக்கும். நீங்க காலையில ஒட்டினது மட்டும் வெயில் பட்டதும் பளபளன்னு மின்னும். எது உடைஞ்சதுன்னு எனக்குத் தெரியாதா? நாள் பூரா அதைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரிஞ்சிருந்தா ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க பயப்படுவீங்கன்னுதான்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கோபமில்லாமல், விலை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்: "ஏங்க, பொண்ணு அவ்வளவு தூரம் சொன்னாளே, என்னை ஏன் முன் ரூமுக்கு மாத்தல?"

"கட்டில் நுழையாதும்மா அந்த வாசல்ல."

"அதானே" என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தக் கட்டில் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். கடைக்காரர் தனித்தனியாகக் கழற்றித்தான் கொண்டுவந்தார். அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போயிற்று. நாலே போல்ட்டுதான், முடுக்கியது நான். முன் அறையில் கட்டிலைப் போட்டால் திறந்த தெருவாசல் வழியாகத் தையல்காரர் கண்ணில் படும். ஏன் மாற்றினாய் என்று கேட்பார். சுவர் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்பேனர் இப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். திரும்பாமலே, "நிஜமாவே நுழையாதா?" என்றாள்.

"நுழையாது" என்றேன்.

அப்பா